காலையில் எழும்பாத கணினி

இரவு பத்து மணி வரை ஒழுங்காக வேலை செய்த கணினி, மறுநாட் காலையில் எழும்ப மறுப்பது இன்று பல இல்லங்களில் நிகழும் காரியமாகிவிட்டது. படுக்கைக்குச் செல்லுமுன், "புதுப்பித்தல் நடைபெறுகின்றது, கணினியை நிறுத்த வேண்டாம்" என்னும் அறிவித்தல் திரையிலே தோன்றியிருக்கும். அதனை ஒருவரும் பெரிதாக எடுத்திருக்கமாட்டார்கள். விடிந்ததும் ஆளியை அழுத்தினால், தயாரித்த நிறுவனத்தின் இலச்சினை தெரியும். சிறு புள்ளிகள் வட்டமாகச் சுழலும். பின்னர் திரை இருண்டு, மீண்டும் அதே இலச்சினை தோன்றும். செக்குமாடு சுற்றுவது போலக் கணினி தொடங்கிய இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

அந்தப் பெட்டியின் விலை பெரிதுதான். ஆயினும் அதனினும் பெரியவை அதன் உள்ளே இருக்கின்றன. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் மகளின் குறிப்புகள், பல்கலைக்கழகத்திற் பயிலும் மகனின் ஆய்வுக் கட்டுரை, அமரராகிவிட்ட பாட்டனாரின் குரல் பதிந்த ஒலித்துண்டு, குடும்பத்தாரின் பத்து வருடத்துப் படங்கள் ஆகியன அங்கேதான் இருக்கும். பெட்டியைக் கடையிலே திரும்பவும் வாங்கலாம். இவற்றை வாங்க இயலாது.

இவ்வேளையிற் பலர் செய்வது யாதெனில், கணினியைத் தூக்கிக்கொண்டு அயலிலுள்ள திருத்துமிடத்துக்கு ஓடுவதாகும். அங்கே, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டாற் சரியாகிவிடும்" என்று சொல்லப்படும். பதற்றத்தில் இருப்பவர் தலையை ஆட்டிவிடுவார். மாலையிற் கணினி நன்றாக இயங்கும். ஆனால் உள்ளே ஒன்றும் இராது. கணினி எழும்பவில்லை என்பது வேறு. கணினியிலுள்ளவை அழிந்துபோயின என்பது வேறு. புதுப்பித்தலின் பின் நேரும் இக்கோளாறுகளிற் பெரும்பாலானவற்றிற் கோப்புகள் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கும். அவற்றுக்குச் செல்லும் வழிதான் அடைபட்டிருக்கும். இந்த வேறுபாட்டை அறிந்திருப்பவர் அவசரப்படமாட்டார்.

கணினி விழித்தெழும் விதம்

கோளாற்றை அறியவேண்டுமாயின், கணினி எப்படி எழும்புகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் இதனைப் "பூட்" என்பர். பூட்ஸ்ட்ராப் என்ற சொல்லின் குறுக்கம் அது. உயர்ந்த சப்பாத்தின் பின்புறத்தில், அதனை இழுத்து மாட்டுவதற்கென ஒரு வார் உண்டு. அவ்வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் ஒருவனைக் கற்பனை செய்து இப்பெயரை இட்டனர். கணினியின் நிலையும் அத்தகையதே. வேலைகளையெல்லாம் நடத்தும் பணிசெயல் முறைமை, அதாவது விண்டோஸ் போன்ற மென்பொருள், தட்டிலே உறங்கிக் கிடக்கின்றது. அதனை வாசித்து எழுப்புவதற்கும் ஒரு மென்பொருள் வேண்டும். அப்படியாயின் அந்த முதல் மென்பொருளை எழுப்புவது யார்?

விடை தாய்ப்பலகையில் இருக்கின்றது. அங்குள்ள ஒரு சிறு சில்லிலே, மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு கட்டளைத் தொகுதி பதிக்கப்பட்டுள்ளது. 1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் இது "பயோஸ்" எனப்பட்டது. இக்காலக் கணினிகளில் அதன் இடத்தில் "யூ.ஈ.எப்.ஐ." என்பது உண்டு. ஆளியை அழுத்தியதும் முதலில் விழிப்பது இதுவே. இது நினைவகம் உண்டா, திரை உண்டா, தட்டு உண்டா என்று வரிசையாகப் பார்க்கும். எல்லாம் இருக்கக் கண்டால், தட்டின் ஒரு மூலையிலே பிரித்து வைக்கப்பட்டுள்ள சிறு பகுதியைத் தேடிச் செல்லும். நூற்றுக்கணக்கான கிகாபைட் கொண்ட தட்டிலே, பெரும்பாலும் 100 மெகாபைட் அளவே கொண்ட அந்தப் பகுதியில் "பூட் மனேஜர்" என்னும் காவலாள் இருக்கின்றான். விண்டோஸ் எந்த இடத்தில் இருக்கின்றது என்ற குறிப்பேடு அவன் கையில் உண்டு. அவன் வழிகாட்ட, விண்டோஸின் கருப்பகுதியும், தட்டையும் திரையையும் இயக்கும் "டிரைவர்" எனப்படும் சிறு மென்பொருள்களும் நினைவகத்தில் ஏறுகின்றன. இறுதியிலேதான் கடவுச்சொல்லைக் கேட்கும் திரை வருகின்றது.

இது ஓர் அஞ்சலோட்டம் போன்றது. ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கோல் மாறவேண்டும். எந்த இடத்திற் கோல் விழுந்தது என்பதைக் கண்டுகொண்டால், பாதி வேலை முடிந்ததாகும்.

புதுப்பித்தலால் ஏன் கெடுகின்றது?

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2003 ஒக்டோபர் முதலாக, ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையையும் விண்டோஸ் புதுப்பித்தலுக்கு உரிய நாளாகக் கொண்டுள்ளது. அமெரிக்காவின் மேற்குக் கரையிற் காலை பத்து மணிக்கு அது வெளியாகும்பொழுது, இலங்கையிற் செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணியாகும். ஆகவே நம்மவரின் கணினிகள் பெரும்பாலும் புதன்கிழமையிலேயே அதனை ஏற்றுக்கொள்கின்றன. புதன் அல்லது வியாழன் காலையிற் கணினி முரண்டு பிடித்தால், புதுப்பித்தலைச் சந்தேகிப்பதிலே நியாயம் உண்டு.

புதுப்பித்தலென்பது, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பாகங்களை மாற்றுவது போன்ற வேலை. பயன்பாட்டிலுள்ள கோப்புகளை மாற்ற முடியாதாகையால், கணினி ஒருமுறை நின்று, மீண்டும் எழும்பும் அந்த இடைவேளையிலேயே முக்கியமான மாற்றங்கள் நடைபெறுகின்றன. அவ்விடைவேளையில் மின்சாரம் நின்றுபோனால், பழைய கோப்புப் பாதியும் புதிய கோப்புப் பாதியுமாக நிலைமை குழம்பலாம். 2022 ஆம் ஆண்டின் மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட இந்நாட்டினருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதே காரணமெனக் கூறப்பட்டது. மின்சாரம் எப்பொழுது நிற்குமென்று எவராற் சொல்ல முடியும்?

மின்தடையைத் தவிர வேறு காரணங்களும் உள. தட்டிலே இடம் போதாமற் போதல் ஒன்று. பழைய டிரைவர் ஒன்று புதிய கருப்பகுதியுடன் இணங்காமற் போதல் இன்னொன்று. முதுமையடைந்த தட்டு, புதுப்பித்தலின்போது ஏராளமான கோப்புகளை எழுத நேர்ந்ததும் தன் பலவீனத்தை வெளிக்காட்டுதலும் உண்டு. அப்போது பழி புதுப்பித்தலின்மேல் விழுந்தாலும், நோய் முன்னரே இருந்ததாகும்.

சில வேளைகளிலே தவறு புதுப்பித்தலை அனுப்பியவரிடமே இருக்கும். 2018 ஜனவரியில் "மெல்ட்டவுன்", "ஸ்பெக்டர்" என்னும் இரண்டு குறைபாடுகள் கணினிச் சில்லுகளில் இருப்பது பகிரங்கமாக்கப்பட்டது. அவற்றுக்கு மாற்றாக மைக்ரோசொப்ட் அனுப்பிய புதுப்பித்தலை ஏற்ற ஏ.எம்.டி. சில்லுக் கணினிகளிற் சில எழும்பாமற் போயின. சில சில்லுகள், தமக்கு முன்னர் தரப்பட்ட விவரக்குறிப்புடன் ஒத்திருக்கவில்லை என்று கூறி, நிறுவனம் அவற்றுக்கான விநியோகத்தைச் சில நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. 2024 ஓகஸ்டில் வந்த புதுப்பித்தல், விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருந்த மாணவர் பலருக்கு லினக்ஸ் பக்கக் கதவை அடைத்துவிட்டது. அக்குறை 2025 மே மாதப் புதுப்பித்தலிலேயே முற்றாகத் தீர்க்கப்பட்டது.

உலகம் நின்ற ஒரு வெள்ளிக்கிழமை

இவ்வகைக் கோளாறுகளில் மிகப் பெரியது 2024 ஜூலை 19 ஆம் திகதி நிகழ்ந்தது. அது மைக்ரோசொப்ட் அனுப்பிய புதுப்பித்தலன்று. பெரிய நிறுவனங்களின் கணினிகளைக் காக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறு கோப்பே காரணம். இலங்கை நேரப்படி காலை 9.39 மணிக்கு அக்கோப்பு வெளியாயிற்று. தவறு தெரிந்து 10.57 மணிக்கு மாற்றப்பட்டது. இடைப்பட்ட 78 நிமிடங்களுள் ஏறக்குறைய 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. உலகிலுள்ள விண்டோஸ் கணினிகளில் இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவே. ஆயினும் விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் வங்கிகளும் திகைத்து நின்றன. அமெரிக்காவின் டெல்டா விமானச் சேவை மாத்திரம் ஐந்து நாட்களில் ஏறக்குறைய 7,000 பயணங்களை இரத்துச் செய்தது.

தவறு யாது? இருபது தகவல்களை எதிர்பார்த்திருந்த மென்பொருளிடம், இருபத்தோராவதையும் பார்க்கும்படி புதிய கோப்புக் கூறியது. இல்லாத இடத்தில் அது கைவைத்தது. அம்மென்பொருள் விண்டோஸின் கருப்பகுதிக்குள் இருந்து வேலை செய்வதாகையால், அது தடுமாறியதும் கணினி முழுவதும் நின்றுபோயிற்று. மீண்டும் எழும்பும்போது அதே கோப்பை அது மறுபடியும் வாசித்தது, மறுபடியும் நின்றது.

இந்நிகழ்ச்சியில் நமக்குரிய பாடம் இரண்டு. முதலாவது, பரிகாரம் மிக எளிதாயிருந்தது. கணினியை "சேப் மோட்" என்னும் எளிய நிலையில் எழுப்பி, அந்த ஒரு கோப்பை நீக்கினாற் போதும். எதனையும் அழித்துப் புதிதாக ஏற்றவேண்டிய தேவை இருக்கவில்லை. இரண்டாவது, எளிதான அந்தப் பரிகாரத்தையும் தொலைவிலிருந்து செய்ய முடியவில்லை. எழும்பாத கணினிக்கு வலையமைப்பு மூலம் எதனையும் அனுப்பவியலாது. ஆதலால் உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் சென்று அமரவேண்டியதாயிற்று. அங்கேயும் தட்டு பூட்டப்பட்டிருந்தால், அதன் இரகசிய இலக்கத்தைத் தேடி அலைந்தனர். இதன் பின்னரே, எழும்பாத கணினி தானாகவே வலையமைப்பில் இணைந்து பரிகாரத்தைப் பெறும் ஏற்பாட்டை மைக்ரோசொப்ட் 2024 நவம்பரில் அறிவித்து, 2025 இல் விண்டோஸ் 11 இற் சேர்த்தது.

முதலிற் கவனிக்க வேண்டியவை

இனி, நம் இல்லத்துக் கணினிக்கு வருவோம். முதல் மருந்து பொறுமை. புதுப்பித்தலின் நூற்றுவீதம் ஓரிடத்திலேயே நெடுநேரம் நின்றாலும், தட்டின் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கின்றது என்பது பொருள். பழைய கணினிகளில் இரண்டு மணித்தியாலமும் செல்லலாம். அதற்கிடையில் அணைப்பதே பல கோளாறுகளுக்குத் தாயாகும்.

காத்திருந்தும் பயனில்லையாயின், கணினியிற் செருகியுள்ள பென் டிரைவ், அச்சுப்பொறி, வெளித்தட்டு முதலிய யாவற்றையும் கழற்றிவிடுக. மறந்து செருகிவிட்ட பென் டிரைவைப் பணிசெயல் முறைமை உள்ள தட்டென எண்ணி, யூ.ஈ.எப்.ஐ. அங்கே தேடிக்கொண்டிருப்பது அடிக்கடி நிகழ்வதே. பின்னர் மின் ஆளியைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து முற்றாக நிறுத்தி, மீண்டும் தொடங்குக.

அஞ்சலோட்டத்திற் கோல் எங்கே விழுந்தது என்பதை இப்பொழுது பார்க்கலாம். விளக்கே எரியவில்லையாயின், அது மின்சாரக் கோளாறு. புதுப்பித்தலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இலச்சினை தோன்றி, எழுப்பத்தக்க சாதனம் இல்லையென்ற ஆங்கில வாசகம் வந்தால், தட்டையோ பூட் மனேஜரையோ காணவில்லை என்பது பொருள். புள்ளிகள் சுழலும் வரை வந்து நின்றால், விண்டோஸ் ஏறத் தொடங்கிவிட்டது, டிரைவர்களிலேதான் குழப்பம். நீலத் திரையோ, 2025 இன் பின் வந்த விண்டோஸ் 11 ஆயின் கறுப்புத் திரையோ தோன்றி, ஏதேனும் குறியீட்டுச் சொல் காட்டப்பட்டால், அதனைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து வைத்துக்கொள்க. எடுத்துக்காட்டாக, "இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்" என்பது, எழும்பும் வழியிலே தட்டைத் தொடமுடியாமற் போனதைச் சொல்கின்றது. கடவுச்சொல்லைக் கொடுத்த பின்னரே திரை இருளுமாயின், கணினி எழும்பிவிட்டது என்றே கொள்ளவேண்டும். அங்கே குற்றம் பெரும்பாலும் திரையை இயக்கும் டிரைவரிடமே இருக்கும்.

தட்டு உயிருடன் இருக்கின்றதா என்பதை அறிய ஒரு வழி உண்டு. கணினி தொடங்கும்போது எப். 2 அல்லது டிலீட் விசையைத் தட்டினால், பல கணினிகளில் யூ.ஈ.எப்.ஐ. யின் அமைப்புத் திரை வரும். அங்கே தட்டின் பெயர் காணப்படாவிடின், அல்லது தட்டிலிருந்து டிக் டிக் என்ற ஓசை எழுமாயின், மேற்கொண்டு ஒன்றும் செய்யாது நிறுத்திவிடுதலே அறிவுடைமை. நலிந்த தட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால், மீட்கக்கூடியவையும் கெட்டுவிடும்.

மீட்புத் திரையின் வழிகள்

தட்டு நலமாயிருப்பின், விண்டோஸ் தன்னுள்ளேயே ஒரு வைத்தியரை வைத்திருக்கின்றது. தொடர்ந்து இருமுறை எழும்ப முடியாமற் போனால், மூன்றாம் முறை அது மீட்புத் திரைக்குச் செல்லும். தானாகச் செல்லவில்லையாயின், இலச்சினை தெரிந்ததும் ஆளியை அழுத்திப் பிடித்து நிறுத்துவதை இருமுறை செய்து, மூன்றாம் முறை அப்படியே விட்டுவிடுக. அத்திரையில் "ட்ரபிள்ஷூட்", பின்னர் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" என்பவற்றைத் தெரிந்தால் பல வழிகள் தோன்றும். தீங்கு குறைந்த வழியை முதலில் எடுத்துக்கொள்ளுதல் விதியாகும்.

முதலாவது, "ஸ்டார்ட்டப் ரிப்பேர்". இது பூட் மனேஜரையும் அவன் குறிப்பேட்டையும் சோதித்துத் திருத்த முயலும். பயனர் கோப்புகளைத் தொடாது. சில நிமிடங்கள் செல்லும். ஒருமுறை பயனளிக்காவிடின் இன்னொருமுறை முயன்று பார்க்கலாம்.

இரண்டாவது, "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்". நமது நோய்க்கு நேரான மருந்து இதுவே. இதன் கீழ் இரண்டு தெரிவுகள் உண்டு. "குவாலிட்டி அப்டேட்" என்பது மாதந்தோறும் வரும் சிறிய புதுப்பித்தல். "பீச்சர் அப்டேட்" என்பது ஏறக்குறைய ஆண்டுக்கொருமுறை வரும் பெரியது. எது கடைசியாக வந்ததோ அதனை நீக்குக. பெரிய புதுப்பித்தலை நீக்குவதற்கு வழக்கமாகப் பத்து நாள் தவணையே உண்டு என்பதையும் மறத்தலாகாது. நீக்கிய பின் கணினி எழும்பினால், அதே புதுப்பித்தல் மறுநாளே திரும்பி வராதபடி, அமைப்புகளிற் புதுப்பித்தலைச் சில வாரங்களுக்கு ஒத்திவைக்கலாம்.

மூன்றாவது, சேப் மோட். "ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்" சென்று, கணினி திரும்ப எழும்பும்போது 4 ஆம் இலக்கத்தைத் தட்டினால், மிக அவசியமான டிரைவர்களுடன் மாத்திரம் விண்டோஸ் எழும்பும். இவ்விதம் எழும்பி, வழக்கமான முறையில் எழும்ப மறுத்தால், பிற்பாடு சேர்க்கப்பட்ட ஏதோ ஒரு டிரைவரே குற்றவாளி. அதனை அங்கேயே நீக்கிவிடலாம். முக்கியமான கோப்புகளை வெளித்தட்டுக்குப் பிரதி செய்வதற்கும் இதுவே நல்ல தருணம்.

நான்காவது, "சிஸ்டம் ரெஸ்டோர்". முன்னர் குறித்துவைக்கப்பட்ட ஒரு நாளின் நிலைக்கு விண்டோஸை இது பின்னோக்கிக் கொண்டு செல்லும். அந்நாளின் பின் ஏற்றிய மென்பொருள்களும் டிரைவர்களும் நீங்கும். படங்களும் கட்டுரைகளும் நீங்கா.

இவை யாவும் பயனற்றுப்போனால் மாத்திரம் "ரீசெட்" என்னும் இறுதி வழிக்குச் செல்லுக. அங்கும் இரண்டு வாயில்கள் உள. ஒன்று கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக்கும். ஏற்றிய மென்பொருள்கள் போய்விடும். மற்றையது யாவற்றையும் அழிக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு சொடுக்குத்தான் தூரம். ஆகவே இவ்விடத்தில் வாசித்துப் பார்த்து விரலை வைத்தல் வேண்டும்.

லினக்ஸ் பயிலும் மாணவர்க்கு ஒரு வார்த்தை. உபுண்டு போன்றவற்றில் புதிய கருப்பகுதி வந்தபோதும் பழையது உடனே நீக்கப்படுவதில்லை. தொடக்கப் பட்டியலில் "அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்" என்பதைத் தெரிந்து, முந்திய கருப்பகுதியைக் கொண்டு எழுப்பினால், பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

நாற்பத்தெட்டு இலக்கத் திறப்பு

மீட்புத் திரைக்குச் செல்லும்போது சிலரை ஒரு புதிய தடை எதிர்கொள்ளும். நாற்பத்தெட்டு இலக்கங்களைக் கொண்ட ஓர் எண்ணைத் தருமாறு கணினி கேட்கும். "பிட்லொக்கர்" என்னும் பூட்டின் திறப்பு அது. கணினி களவுபோனாலும் உள்ளிருப்பதைக் கள்வன் வாசியாதபடி தட்டு முழுவதையும் அது மறைமொழியாக்கி வைக்கின்றது. 2024 இல் வெளியான விண்டோஸ் 11 இன் பதிப்பிலிருந்து, மைக்ரோசொப்ட் கணக்குடன் புதிதாக அமைக்கப்படும் கணினிகள் பலவற்றில் இப்பூட்டு உரிமையாளர் கேளாமலேயே போடப்படுகின்றது. தம் வீட்டுக்குப் பூட்டு இருப்பதையே அறியாதவர் பலர். யூ.ஈ.எப்.ஐ. அமைப்பிற் கைவைத்தாலும் பூட்டு ஐயங்கொண்டு திறப்பைக் கேட்கும்.

திறப்பு வழக்கமாக உரிமையாளரின் மைக்ரோசொப்ட் கணக்கிலே பதிந்திருக்கும். வேறொரு கணினியிலோ தொலைபேசியிலோ அக்கணக்கினுட் சென்று பார்க்கலாம். பாடசாலையோ கந்தோரோ தந்த கணினியாயின், திறப்பு அவர்களிடம் இருக்கும். எங்கும் இல்லையாயின், மைக்ரோசொப்ட் நிறுவனத்தாலும் அதனை மீட்டுத்தர முடியாது. கோப்புகள் தட்டிலே இருந்தும் இல்லாதவையாகிவிடும். ஆதலால் கணினி நலமாயிருக்கும் இன்றைக்கே அவ்வெண்ணைக் கணக்கிலே பார்த்து, ஒரு தாளில் எழுதி, காணி உறுதியும் பிறப்பத்தாட்சியும் வைத்திருக்கும் கோவையில் வைத்துவிடுதல் நன்று.

கோப்பு முதலில், கணினி பின்னர்

திருத்துமிடத்துக்குக் கணினியைக் கொடுக்க நேர்ந்தால், சொல்லவேண்டிய வாசகம் ஒன்றே: "என் கோப்புகளை முதலிற் பிரதி செய்து காட்டிய பின்னரே எதனையும் அழிக்கவேண்டும்." இதனை வாயாற் சொல்வதுடன், பற்றுச்சீட்டிலும் எழுதுவித்துக்கொள்க. இது செய்யவியலாத காரியமன்று. லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவினால் கணினியை எழுப்பினால், விண்டோஸ் எழும்பாமலே தட்டிலுள்ள கோப்புகளைப் பார்த்து வெளித்தட்டிற் பிரதி செய்யலாம். தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் வெளித்தட்டாக இணைத்தும் பார்க்கலாம். பிட்லொக்கர் பூட்டு இருந்தால், இரண்டுக்கும் முற்கூறிய திறப்பு வேண்டும்.

அழித்த பின் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். சுழலும் வன்தட்டுகளில் அது ஓரளவுக்குச் சாத்தியமாயிருந்தது. இப்பொழுது மடிக்கணினிகளில் உள்ள சுழலாத தட்டுகள், அழிக்கப்பட்ட இடத்தைத் தாமே துப்புரவாக்கிவிடுவனவாகையால், அழிந்தவற்றை மீட்டல் மிக அரிது.

புதுப்பியாமலே விடலாமா?

இவ்வளவையும் வாசித்தவர், "இந்தத் தொல்லை எதற்கு? புதுப்பித்தலை நிறுத்திவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். 2017 ஆம் ஆண்டு அதற்கு விடை கூறுகின்றது. அவ்வாண்டு மார்ச் 14 ஆம் திகதி, விண்டோஸில் இருந்த ஒரு துவாரத்தை அடைக்கும் புதுப்பித்தலை மைக்ரோசொப்ட் வெளியிட்டது. பலர் அதனை ஏற்காது விட்டனர். மே 12 ஆம் திகதி "வன்னாக்ரை" என்னும் தீய மென்பொருள் அதே துவாரத்தால் நுழைந்து, ஏறக்குறைய 150 நாடுகளிற் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்டது. பிரித்தானியாவில் வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இரண்டு மாதம் முன்னதாகவே மருந்து வாயிலில் வந்து நின்றும் அவர்கள் அதனை அருந்தவில்லை. புதுப்பித்தலாற் கணினி எழும்பாமற் போனால் கோப்புகள் பெரும்பாலும் எஞ்சும். புதுப்பியாததனாற் கப்பக்காரன் புகுந்தால் கோப்புகளே போகும். இரண்டையும் தராசில் இட்டுப் பார்த்தால், புதுப்பித்தலின் பக்கமே தட்டுத் தாழ்கின்றது.

ஆகவே புதுப்பித்தலை நிறுத்துவதிலும், அதற்கு ஆயத்தமாயிருப்பதே மேல். தட்டில் ஏறக்குறைய 20 கிகாபைட் இடத்தையாவது வெறுமையாக வைத்திருத்தல் வேண்டும். மடிக்கணினியை மின்னேற்றியுடன் இணைத்த பின்னரே புதுப்பித்தலைத் தொடங்குக. மின்தடை நேரினும் பற்றறி தாங்கும். மேசைக்கணினியாயின், மின்சாரம் நின்றாலும் சில நிமிடம் தாங்கும் யூ.பி.எஸ். பெட்டி நன்று. கட்டுரையை ஒப்படைக்கும் நாளின் முன்னிரவிற் புதுப்பித்தல் வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒத்திவைத்தாற் குடி முழுகிவிடாது. எட்டு கிகாபைட்டோ அதற்கு மேலோ கொண்ட ஒரு பென் டிரைவில், விண்டோஸை ஏற்றும் தொகுதியை நல்ல கணினி ஒன்றின் மூலம் ஆக்கி வைத்துக்கொள்க. மீட்புத் திரையே வராத நாளில் அதனைச் செருகி எழுப்பி, ஏற்றுவதைத் தெரியாது திருத்துவதைத் தெரிந்தால், மேற்சொன்ன வழிகள் யாவும் திறக்கும்.

இவையனைத்துக்கும் மேலானது, முக்கியமான கோப்புகளை இரண்டு இடங்களில் வைத்திருப்பதாகும். ஒன்று கணினி, மற்றையது அலுமாரியில் இருக்கும் ஒரு வெளித்தட்டு. மாணவராயின் கட்டுரையை ஒவ்வொரு மாலையும் தமக்குத் தாமே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டாலும் போதும். இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியான உணவின் பின் வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கூட்டி, வெளித்தட்டை இணைத்துப் படங்களைப் பிரதி செய்யவும், அந்த நாற்பத்தெட்டு இலக்கங்களைத் தாளில் எழுதவும் ஒரு மணித்தியாலம் செல்லும். அதைச் செய்து முடித்த இல்லத்தில், என்றோ ஒரு புதன்கிழமைக் காலையிற் கணினி எழும்ப மறுத்தாலும், அது ஒரு வேலையாகவே இருக்கும், துயரமாக இராது.